வண்டி எண் ஒன்று டூட்டியில் இருக்கிறது

"எங்க வூட்டுக்காரரு இன்னிக்கு எங்க போயிருக்காரு, பாப்பா?" என்று மீனம்மாள் அக்கா என்னைக் கேட்டாள்.

நான் பதிவேட்டைப் பார்த்தேன். வண்டி எண் ஒன்று. ஓட்டுநர் ரத்தினம். காலை பத்து மணிக்கு ஸ்ரீபெரும்புதூரிலிருந்து புறப்பாடு. ஒரகடம் வழியாக வாலாஜாபாத். போக வர அறுபத்துநான்கு கிலோமீட்டர். பிரேக்: நன்று. எல்லாம் என் கையெழுத்து. மை இன்னும் சரியாகக் காயவில்லை.

ரத்தினம் அண்ணன் செத்து அன்றைக்கு நாற்பத்தோராவது நாள்.

எனக்குப் பேச வாய் வரவில்லை. எப்போதுமே வராது. ஒன்பதாம் வகுப்பில் எழுந்து நின்று பாடம் படிக்கச் சொன்னார்கள். மணி அடிக்கும்வரை நின்றுகொண்டே இருந்தேன். மறுநாள் நான் பள்ளிக்கூடம் போகவில்லை. அதற்கு மறுநாளும் போகவில்லை.

உள்ளேயிருந்து சூப்பிரண்டு தேவராஜன் சார் எனக்குப் பதிலாகச் சொன்னார்: "வாலாஜாபாத் போயிருக்கார்மா. நாலு மணிக்கு வந்துடுவார்."

"அப்போ சரி" என்றாள் மீனம்மாள் அக்கா. "சோத்த மூடி வெச்சிகினு உக்காந்திருக்கேன்."

அதைக் கிண்டலாகச் சொன்னாளா, நிஜமாகவே சொன்னாளா என்று அவள் முகத்தைப் பார்த்துத் தெரிந்துகொள்ள முடியவில்லை. வாரத்துக்கு ஒருமுறை வந்தாள். ஒவ்வொரு முறையும் அதே கேள்வி. ஒவ்வொரு முறையும் தேவராஜன் சார்தான் பதில் சொன்னார். ஒருமுறை அவள், "வாலாஜாபாத் பக்கம் நேத்து மழ கொட்டிச்சாமே, நனைஞ்சிருப்பாரே" என்றாள். அன்றைக்கு மட்டும் அவர் ஃபைலைப் புரட்டிக்கொண்டிருந்தார்.

எங்கள் அலுவலகத்தின் பெயர் வட்டார வாகனப் பராமரிப்புச் செலவுக் குறைப்பு அலுவலகம். பெயர்ப்பலகை கட்டடத்தைவிட நீளம். 'அலுவலகம்' என்ற கடைசிச் சொல் பக்கத்து டீக்கடைச் சுவரின்மேல் இருந்தது. வண்டி ரிப்பேர்ச் செலவை எப்படிக் குறைப்பது என்று மற்ற அலுவலகங்களுக்குச் சொல்லித்தருவதுதான் வேலை. அதற்கு முன்மாதிரியாக எங்களிடம் இரண்டு அம்பாசடர் கார்கள் இருந்தன.

உதவி இயக்குநர் ரகுபதி சாரின் நாற்காலிக்குப் பின்னால் ஒரு கரும்பலகை. அதில் ஒரே ஒரு பெரிய பூஜ்யம். மூன்று ஆண்டுகளில் எங்கள் அலுவலகம் ரிப்பேருக்குச் செலவிட்ட தொகை அது. வருகிறவர்கள் எல்லாரையும் அதன் முன்னால் நிற்கவைத்து அவர் பேசுவார்.

"வண்டி ரிப்பேர்னு யார் சொல்றாங்க? வண்டி சொல்லுதா? இல்லை. டிரைவர் சொல்றான். ஆக, ரிப்பேர்ங்கறது டிரைவரோட ஒரு கருத்து. ஒருத்தரோட கருத்துக்கு அரசாங்கம் பணம் செலவு பண்ண முடியுமா?"

ரத்தினம் அண்ணன் தன் கருத்தைப் பதினோரு தடவை எழுதிக் கொடுத்திருந்தார். பிரேக்கை மிதித்தால் கால் தரைவரைக்கும் போகிறது. மிதிக்கிற அழுத்தத்தைச் சக்கரங்களுக்கு அனுப்பும் உருளையில், மாஸ்டர் சிலிண்டர் என்பார்கள், உள்ளே இருக்கிற சின்ன ரப்பர் தேய்ந்துவிட்டது. ரப்பரை மட்டும் மாற்றினால் போதும். அந்த ரப்பர் விலைக்கு இரண்டு பேர் ஓட்டலில் சாப்பிடலாம். பதினோரு விண்ணப்பங்களும் திரும்பி வந்தன. பதினோராவதின் ஓரத்தில் சிவப்பு மையில், 'பிரேக்கைக் குறைவாகப் பயன்படுத்தவும்' என்று எழுதியிருந்தது.

மார்ச் மாதத்தில் ஒரு நாள் மாலை மணிமங்கலம் ஏரிக்கரை வளைவில் வண்டி நிற்கவில்லை. பனைமரம்தான் நிறுத்தியது. வண்டியை டிராக்டரில் கட்டி இழுத்துவந்து அலுவலகத்தின் பின்கட்டில் விட்டார்கள். ரத்தினம் அண்ணனை வேறு வண்டியில் கொண்டுபோனார்கள்.

நிதியாண்டு முடிய அப்போது பன்னிரண்டு நாள் இருந்தது. விபத்து என்று எழுதினால் சேதத்தை மதிப்பிட வேண்டும். மதிப்பிட்டால் செலவு. செலவு என்றால் கரும்பலகையில் பூஜ்யம் இருக்காது. ஆஸ்பத்திரிக் காகிதமும் போலீஸ் காகிதமும் அந்தந்த அலுவலகத்துக் காகிதங்கள். எங்கள் அலுவலகத்துக்கு முறைப்படி எந்தக் காகிதமும் வந்து சேரவில்லை. வராத காகிதத்தில் உள்ளது எங்களுக்கு நடக்கவில்லை.

அதனால் வண்டி எண் ஒன்று ஓட்டத்தில் இருந்தது. ஓடுகிற வண்டிக்குப் பயணப் பதிவேடு எழுத வேண்டும். பதிவேடு என்றால் ஓட்டுநர் பெயர் வேண்டும். ஆக, ரத்தினம் அண்ணன் டூட்டியில் இருந்தார். சம்பளத்தை அவர் நேரில் வந்து கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொள்ளவில்லை. அது அவருடைய அலட்சியம் என்று ஃபைலில் இருக்கிறது. டூட்டியில் இருப்பவருடைய மனைவிக்குக் குடும்பப் பென்ஷன் கொடுக்கச் சட்டத்தில் இடமில்லை.

பதிவேட்டை எழுத அச்சுப் போன்ற கையெழுத்துள்ள ஒருவர் தேவைப்பட்டார். வண்டி எண் இரண்டின் ஓட்டுநர் கண்ணப்பன் என் அப்பா. அவர் என்னைக் கூட்டிவந்து நிறுத்தினார். தினக்கூலி. "வாய் திறக்கமாட்டா சார்" என்று அப்பா வருத்தமாகச் சொன்னார். ரகுபதி சார் முதன்முறையாகச் சிரித்தார்.

அப்படித்தான் தினமும் ஒரு செத்தவரை வாலாஜாபாத்துக்கு அனுப்பினேன். பெட்ரோல் கட்டத்தில் 'இல்லை' என்று எழுதச் சொன்னார்கள். வாங்காத பெட்ரோலை எழுதுவது மோசடியாம். தலைமை அலுவலகத்திலிருந்து பாராட்டுக் கடிதம் வந்தது. பெட்ரோல் இல்லாமல் மாதம் ஆயிரத்து அறுநூறு கிலோமீட்டர் ஓடும் வண்டி மாநிலத்தில் இது ஒன்றுதானாம்.

மே மாதம் எங்கள் ஊரில் குண்டு வெடித்துப் பெரிய தலைவர் ஒருவர் செத்த பிறகு, ஊர்ப் பெயரைச் சொன்னால் வெளியூர்க்காரர்கள் ஒரு நொடி பேச்சை நிறுத்தினார்கள். எங்கள் அலுவலகத்தில் மட்டும் அந்த வருஷம் யாரும் சாகவில்லை.

அப்பா ஓட்டிய வண்டி எண் இரண்டும் கிழடுதான். முதலில் ஹார்ன் போயிற்று. வாங்க முடியாது. பின்கட்டில் இருந்த வண்டி எண் ஒன்றிலிருந்து கழற்றி இதில் மாட்டினார்கள். அதற்கு 'உள் மாற்றம்' என்று பெயர்; அது செலவில் வராது. அப்புறம் கண்ணாடி. அப்புறம் டிரைவர் சீட். சீட்டில் ரத்தினம் அண்ணன் உட்கார்ந்து உட்கார்ந்து விழுந்த பள்ளம் இருந்தது.

"அவரு என்னவிட ஒசரம்" என்றார் அப்பா. "அந்தப் பள்ளத்துல உக்காந்தா நான் யாரோ மடியில உக்காந்தாமாதிரி கீது."

ஒருநாள் தண்டலத்திலிருந்து திரும்பும்போது குறுக்கே மாடு வந்தது. அப்பா ஹார்ன் அடித்தார். அது மீனம்மாள் அக்காவின் தெரு என்பது அடித்த பிறகுதான் அவருக்கு ஞாபகம் வந்தது. அந்த ஹார்ன் மற்ற ஹார்ன்களைப் போல இருக்காது. முதலில் இருமி, பிறகு கத்தும். கதவு திறந்தது. மீனம்மாள் அக்கா தலையை முடிந்துகொண்டே ஓடிவந்து வாசலில் நின்றாள். அப்பாவைப் பார்த்தாள். ஹார்ன் வந்த இடத்தைப் பார்த்தாள். உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். அன்றைக்கு அப்பா சாப்பிடவில்லை. அதற்குப் பிறகு அவர் ஹார்னே அடிப்பதில்லை. குறுக்கே வருகிறவர்களைத் தலையை வெளியே நீட்டி வாயால் திட்டுவார்.

அக்டோபரில் ஆயுத பூஜை வந்தது. இரண்டு வண்டிகளுக்கும் மாலை போட்டார்கள். மூக்கு நசுங்கிய வண்டி எண் ஒன்றுக்குத்தான் பெரிய மாலை, அது நிறைய ஓடுகிறது என்பதால். எட்டுச் சக்கரங்களுக்கும் எலுமிச்சம்பழம் வைத்தார்கள். பழம் நசுங்க வண்டி நகர வேண்டும் அல்லவா? வண்டி எண் ஒன்றை நாலு பேர் தள்ளினார்கள். அது அசையவில்லை. தேவராஜன் சார் அந்த நாலு பழத்தையும் செருப்புக் காலால் மிதித்து நசுக்கிவிட்டு, "ஆச்சு" என்றார்.

அடுத்து அப்பா வண்டி எண் இரண்டை மெதுவாக நகர்த்தினார். பழங்கள் நசுங்கின. அப்பா பிரேக்கை மிதித்தார். வண்டி நிற்கவில்லை. அது அவசரமே இல்லாமல் போய், மாலை போட்டிருந்த வண்டி எண் ஒன்றின்மேல் சாய்ந்து நின்றது. இரண்டு மாலைகளும் சிக்கிக்கொண்டன. அப்பா இறங்கி ஒரு கருங்கல்லைத் தூக்கிவந்து சக்கரத்துக்கு அடியில் வைத்தார்.

மறுநாள் அப்பா விண்ணப்பம் கொடுத்தார். நான்தான் எழுதினேன். மூன்று பேர் கொண்ட ஆய்வுக்குழு வந்தது. ரகுபதி சார் தலைவர். அவர்கள் நாற்காலி போட்டு உட்கார்ந்து அரைமணி நேரம் வண்டியையே பார்த்தார்கள். வண்டி நகரவில்லை.

"எழுதிக்குங்க தேவராஜன்" என்றார் ரகுபதி சார். "நிறுத்துவதே பிரேக்கின் பணி. வண்டி நிற்கிறது. எனவே பிரேக் பணியாற்றுகிறது."

"சார், சக்கரத்துக்கு அடியில கல்லு கீது சார்" என்றார் அப்பா.

"எப்போலேர்ந்து?"

"ஆயுத பூஜைலேர்ந்து சார்."

ரகுபதி சாரின் முகம் மாறியது. "இருப்புப் பதிவேட்டுல ஏத்தினீங்களா?"

அன்றைக்கே ஏற்றினோம். 'நிறுத்து கருங்கல், ஒன்று.' கல்லுக்கு வெள்ளைப் பெயின்ட்டில் எண் போட்டார்கள். கல் தொலைந்தால் அப்பாவின் சம்பளத்தில் பிடிப்பார்கள்.

அப்பா சாதாரணமாக அதோடு விட்டுவிடுவார். இந்தத் தடவை விடவில்லை. அடுத்த வாரம் எங்கள் அலுவலகத்துக்குப் பூஜ்யச் செலவு விருது கொடுக்கத் தலைமை அலுவலகத்திலிருந்து இயக்குநர் வருகிறார். விழா முடிந்ததும் அவரும் ரகுபதி சாரும் மணிமங்கலம் கோயிலுக்குப் போகிறார்கள். வண்டி எண் இரண்டில். ஏரிக்கரை வழியாக.

"சார், ரப்பர் நான் என் காசுல வாங்கிப் போடறேன் சார்."

"அரசாங்க வண்டில உன் ரப்பரா? நாளைக்கு வண்டியில பங்கு கேப்பியா?"

பின்கட்டில் நின்றிருந்த மெக்கானிக் மண்ணாங்கட்டி, "நான் ஓசிலயே போட்டுத் தரேன் சார்" என்றார்.

"ஓசியா வந்ததுக்கும் மதிப்புப் போடணும்யா. மதிப்புப் போட்டா அது செலவு." ரகுபதி சார் கரும்பலகை இருக்கும் திசையில் கையைக் காட்டினார். "மூணு வருஷ உழைப்பு. ஒரு ரப்பருக்காகக் கெடுக்கச் சொல்றீங்க." அவர் குரல் நிஜமாகவே கரகரத்தது. பிறகு ஏதோ தோன்றியதுபோல நிமிர்ந்தார். "தேவராஜன், வண்டி ஒண்ணு தினம் வாலாஜாபாத் போய் வருதே, அதோட பிரேக் எப்படி?"

தேவராஜன் சார் என் மேசையிலிருந்து பதிவேட்டை எடுத்துவந்து பக்கம் பக்கமாகப் புரட்டினார். "மார்ச்லேர்ந்து 'நன்று' சார். ஒருநாள்கூடத் தவறலை."

"கழட்டி இதுல போடச் சொல்லுங்க. நிரூபிக்கப்பட்ட பிரேக்."

அப்பா என்னைப் பார்த்தார். கோபமாகப் பார்த்திருந்தால் தாங்கியிருப்பேன். அவர் ஏதோ தப்பு செய்துவிட்டவர் மாதிரி பார்த்தார்.

மண்ணாங்கட்டி அந்த உருளையைக் கழற்றி வெளியே எடுத்தபோது அதிலிருந்து கறுப்பாக ஏதோ ஒழுகியது. "கண்ணப்பாண்ணே, இது ஆளத் தின்ன உருப்படி" என்று மெல்லச் சொன்னார். "இன்னா கர்மம் இது, நான் ஏன் மாட்டணும்?" என்றார். ஆனாலும் மாட்டினார், அவருக்கும் வேலை வேண்டும். பழைய ரப்பரை யாரும் திருட்டுத்தனமாக மாற்றிவிடக் கூடாது என்று தேவராஜன் சார் கீழே படுத்து ஊர்ந்துபோய் உருளையின்மேல் அரக்கு முத்திரை வைத்தார்.

சாயங்காலம் வீட்டில் அப்பா வேட்டி மாற்றாமல் உட்கார்ந்திருந்தார். வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான்.

"மிதிச்சிப் பாத்தேன் பாப்பா" என்றார். "கால் தரைக்குப் போயிடுச்சி. ரத்தினம் அண்ணன் கடைசியா மிதிச்சாரு இல்ல, அந்த மிதி இன்னும் உள்ளயே கீது. மேல எழுந்திருக்கவே இல்ல. அவரு வுட்ட எடத்துலேர்ந்து நான் மிதிக்கிறேன்."

சொல்லிவிட்டுச் சிரித்தார். "வேலய வுட்டுட்டா இன்னா பண்றதுன்னு யோசிச்சேன். ஒண்ணும் தோணல."

விழா நாளில் பந்தல் போட்டு மைக் கட்டியிருந்தார்கள். பக்கத்து அலுவலகங்களிலிருந்து கற்றுக்கொள்ள வந்தவர்கள் ஐம்பது பேர் உட்கார்ந்திருந்தார்கள். மேடைக்குக் கீழே என் மேசை. அதன்மேல் மாதிரிக்காகப் பதிவேடு. பந்தலுக்கு வெளியே வண்டி எண் இரண்டு, எண் போட்ட கல்லோடு. அப்பா சீட்டின் பள்ளத்தில் உட்கார்ந்து காத்திருந்தார். முன்வரிசையில் மீனம்மாள் அக்கா. சிறந்த ஓட்டுநர் விருது ரத்தினம் அண்ணனுக்கு. அவர் வர முடியாததால் மனைவி வாங்கிக்கொள்ள வேண்டும் என்று தேவராஜன் சார் வீட்டுக்கே போய் அழைத்துவந்திருந்தார்.

ரகுபதி சார் பேசினார். "இந்த ஓட்டுநர் ஏழு மாதமாக ஒரு விபத்தும் செய்யவில்லை. ஒரு நாளும் விடுப்பு எடுக்கவில்லை. ஒரு சொட்டு பெட்ரோல் கேட்கவில்லை. ஒரு விண்ணப்பம்கூடத் தரவில்லை. முன்பு அவரும் பிரேக், ரப்பர் என்று எழுதிக்கொண்டிருந்தவர்தான். நம் அலுவலகம் அவரைத் திருத்தியது. எல்லா ஓட்டுநர்களும் இவரைப்போல ஆகிவிட்டால் இந்த நாட்டின் கஷ்டம் ஒரே ஆண்டில் தீர்ந்துவிடும்."

எல்லாரும் கை தட்டினார்கள். வெளியே அப்பாவும் ஸ்டியரிங்கிலிருந்து கையை எடுத்துத் தட்டினார்.

அன்றைய பக்கத்தை நான் இன்னும் எழுதியிருக்கவில்லை. மைக்குக்கு எதிரே உட்கார்ந்து எழுதினேன். அந்த வரிகள் புதியவை அல்ல. வீட்டில் அரிசி டப்பாவுக்குப் பின்னால் நான் ஒளித்துவைத்திருக்கிற நோட்டில் மார்ச் மாதத்திலிருந்தே இருந்தவைதான்; கடைசி வரி மட்டும் புதிது. பதிவேட்டுக்கு வரத்தான் இத்தனை நாள் ஆயிற்று. 'மாலை மூன்று நாற்பது. மணிமங்கலம் ஏரிக்கரை வளைவில் பிரேக் பிடிக்கவில்லை. வண்டி பனைமரத்தில் மோதியது. ஓட்டுநர் ரத்தினம் இறந்துவிட்டார். இதே பிரேக் இப்போது வண்டி எண் இரண்டில் இருக்கிறது.'

"அந்த அற்புதமான பதிவேட்டைக் கொஞ்சம் பார்க்கலாமா?" என்று இயக்குநர் கேட்டார். தேவராஜன் சார் இறங்கிவந்து, பார்க்காமலேயே எடுத்துக்கொண்டு போனார்.

இயக்குநர் படித்தார். மறுபடி படித்தார். பிறகு மைக்கைக் கையால் மூடிக்கொண்டு ரகுபதி சாரிடம், "நாம எந்த வண்டியில போறோம்?" என்று கேட்டார்.

ரகுபதி சார் பதிவேட்டை வாங்கிப் படித்தார். மேடையிலேயே உட்கார்ந்துவிட்டார். தேவராஜன் சாரின் கை தானாகவே அந்தத் தாளின் ஓரத்துக்குப் போனது. ஆனால் எல்லாத் தாளும் எண் போட்டு முத்திரை குத்தியது. ஒரு தாள் குறைந்தால் மூன்று பேருக்கு வேலை போகும். கை திரும்பி வந்தது.

"எழுதிட்டா நடந்தது மாதிரிதான் சார்" என்று தேவராஜன் சார் கிசுகிசுத்தார். "நம்ம ரூல்தானே."

"நேரம் என்ன போட்டிருக்கா?" என்றார் ரகுபதி சார்.

"மூணு நாற்பது."

ரகுபதி சார் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். இன்னும் மூன்று நாற்பது ஆகவில்லை. எழுந்து நின்றார். "விருது மூன்றரை மணி வரைக்குமான சேவைக்கு. கொடுக்கலாம்."

கொடுத்தார்கள். மீனம்மாள் அக்கா மேடையேறிச் சால்வையும் பாராட்டுப் பத்திரமும் வாங்கிக்கொண்டாள். ரெண்டு வார்த்தை பேசச் சொல்லி மைக்கை நீட்டினார்கள். அவள் அதைத் தள்ளிவிட்டு இறங்கினாள்.

இயக்குநருக்குத் திடீரென்று வேலை வந்துவிட்டது. டீக்கடை எதிரே நின்ற பஸ்ஸில் ஏறி, நின்றுகொண்டே போனார். கோயிலுக்கு யாரும் போகவில்லை. அப்பா வண்டியிலிருந்து இறங்கிச் சாவியைக் கல்லின்மேல் வைத்துவிட்டு, தன் வலது காலைத் தரையில் ஊன்றி ஊன்றிப் பார்த்துக்கொண்டார்.

பதிவேடு என் மேசைக்குத் திரும்பி வந்திருந்தது. மீனம்மாள் அக்கா என் எதிரில் வந்து நின்றாள்.

"எங்க வூட்டுக்காரரு இன்னிக்கு எங்க போயிருக்காரு, பாப்பா?"

மேடையில் தேவராஜன் சார் வாயைத் திறந்தார்.

அவர் சொல்வதற்குள் நான் எழுந்து நின்றேன். பள்ளிக்கூடத்தில் நின்ற மாதிரியே நின்றேன். பதிவேட்டைக் கையில் எடுத்து, ஐம்பது பேர் பார்த்துக்கொண்டிருக்க, சத்தமாகப் படித்தேன். மூன்று நாற்பதைப் படித்தேன். ஏரிக்கரையைப் படித்தேன். பனைமரத்தைப் படித்தேன். அதற்கடுத்த வரியை ஒருமுறை படித்துவிட்டு, அவள் இன்னும் நின்றுகொண்டிருந்ததால் இன்னொருமுறை படித்தேன்.

அவள் கடைசிவரை கேட்டாள். பதிவேட்டை என் கையிலிருந்து வாங்கி, பாராட்டுப் பத்திரத்தை இரண்டாக மடித்து அந்தப் பக்கத்தில் வைத்து மூடினாள். சால்வையை மேசைமேல் போட்டாள். வண்டி எண் இரண்டைக் கடந்து, திரும்பிப் பார்க்காமல் போய்விட்டாள்.